சிவபாக்கியம் எழுதிய விளக்கங்கள்

நம் குறுக்கெழுத்துக் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்குப் போனில் ஒரு புதிர்க் குறிப்பு வரும். ஆறு பத்துக்குள் சிவபாக்கியம் அம்மாவின் எண்ணிலிருந்து விடை வந்துவிடும். முந்நூறு பேர் இருக்கும் குழுவில் அத்தனை வேகம் அவர் ஒருவருக்குத்தான். அன்றைக்கும் ஆறு பத்துக்கு அந்த எண்ணிலிருந்து செய்தி வந்தது. ஒட்டன்சத்திரத்தில் மகன் வீட்டு மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நான், விடையாகத்தான் இருக்கும் என்று திறந்தேன். "நான் வசந்தி. அம்மா நேத்து சாயங்காலம் எறந்துட்டாங்க. இனிமே இந்த நம்பருக்குப் புதிர் அனுப்ப வேணாம்ங்க" என்று இருந்தது.

அரை மணி நேரத்தில் குழுத் தலைவரின் இரங்கல் வந்தது. "நம் குழுவின் தீவிர ரசிகை, கொடைக்கானல் சிவகாமி அம்மாள் மறைந்தார். ஆழ்ந்த அனுதாபங்கள்." அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பெயர் தப்பு. ரசிகை என்பது அதைவிடப் பெரிய தப்பு. "அவர் பெயர் சிவபாக்கியம்" என்று எழுதினேன். "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்று பதில் வந்தது. ரசிகை அப்படியே நின்றது. கைகளும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

அந்தக் கைகளை அனுப்பிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் ஒரு குறிப்பை எப்படி உடைப்பது என்று கற்றுக்கொண்டது அவர் எழுதிய விளக்கங்களைப் படித்து. அவற்றை எழுதியது அவர் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குத் தலைவர் ஒரு காரணம், நான் இன்னொரு காரணம். தலைவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றிய ஒரு கட்டுரையில் தன் பெயர் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியராக இருந்தேன். அதே பள்ளியின் விடுதித் துணியறையில் அவர் வேலை பார்த்தார். பிள்ளைகளின் சட்டை, ஸ்வெட்டர், காலுறை ஒவ்வொன்றிலும் பெயர்ப்பட்டை தைப்பதும், பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் அதைப் பிரிப்பதும், கிழிசலை ஒட்டுப்போடுவதும் அவர் சோலி. பல வருடம் எதிரெதிரே நடந்திருக்கிறோம். வணக்கம் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. ஒரு நாள் சலவைக்குப் போன என் கோட்டு திரும்பி வந்தபோது, அதன் பையில் நான் மறந்து வைத்திருந்த குறுக்கெழுத்துத் தாளும் மடிப்புக் கலையாமல் வந்தது. அதில் ஒரு குறிப்பு: "கடல் முகப்பில் வலை போட்டால் வருத்தம் (3)." வருத்தம் என்று இருக்கிறதே என்று 'துயர்' என எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தால் மூன்று எழுத்து. பொருளும் சரி. பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "துயரில் வலை எங்கே? கடலின் முகப்பு க. அதோடு வலை. கவலை."

எனக்குக் கோபம் வந்தது. தமிழ் வாத்தியாருக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு ஆளா என்றுதான் வந்தது, மறைக்கவில்லை. துணியறைக்குப் போய், என் பையில் கைவிட்டது யார் என்று கேட்டேன். தையல் இயந்திரத்திலிருந்து எழாமலே அவர் சொன்னார்: "பையப் பாக்காம தண்ணியில போட்டா தாளு கரைஞ்சு போயிரும் சார். பாத்தேன். பாத்ததும் கண்ணுல பட்டுச்சு."

"துயர்னாலும் வருத்தம்தானே?"

"வருத்தந்தான். ஆனா வலைய விட்டுட்டீங்களே. ஒரு சொல்லு சும்மா வந்து நிக்காது சார். நிக்க வச்சவரு ஏதோ ஒரு வேலைக்குத்தான் நிக்க வச்சிருப்பாரு."

அதற்குப் பிறகு மதிய இடைவேளைகளில் அந்த அறைக்குப் போக ஆரம்பித்தேன். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். அப்போது அவருக்கு எட்டு வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. விடுதிக்கு வரும் பழைய செய்தித்தாள்களை அலமாரித் தட்டுகளில் விரிப்பார்கள். அப்படி விரித்த தாளில்தான் முதன்முதலில் இந்தப் புதிரைப் பார்த்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரத் தாளில் வரும் விடையைத் தேடி எடுத்து, பழைய குறிப்பின் மேல் வைத்து, எப்படி இது அதுவாயிற்று என்று நாள்கணக்கில் யோசிப்பாராம். "விடையிலேர்ந்து பின்னால நடந்து நடந்து கேள்விக்கு வந்து சேந்தேன்" என்றார். அப்படி நடந்து வந்தவர் என்பதால் ஒவ்வொரு அடியும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பெரும்பாலும் விடை மட்டும் தெரியும்.

குழு தொடங்கியபோது தலைவர் தினம் ஒரு குறிப்பு அனுப்புவார், மறுநாள் விடையை மட்டும் அனுப்புவார். "ஏன்?" என்று கேட்டுப் பத்துப் பேர் எழுதுவார்கள். விளக்கம் எழுத ஓர் ஆள் இருக்கிறார் என்று தலைவரிடம் சொன்னது நான்தான். சிவபாக்கியம் அம்மாவிடம் அப்போது சாதாரண போன்தான் இருந்தது. விளக்கத்தைத் தாளில் எழுதித் தருவார். நான் தட்டச்சு செய்து, கடைசியில் 'விளக்கம்: சிவபாக்கியம்' என்று போட்டுத் தலைவருக்கு அனுப்புவேன். அவர் மறுநாள் காலை குழுவில் போடுவார். முதல் வாரத்திலேயே கடைசி வரி காணாமல் போயிற்று. கவனித்தேன். இதைப் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து நானே அந்த வரியைத் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டேன்.

அந்த விளக்கங்களின் ருசி உங்களுக்கு நினைவிருக்கும். "மலை தொடங்கும் இடத்தில் வெள்ளைக்காரர் நின்றால் பெரிய ஊர் (3)" என்ற குறிப்புக்கு அவர் எழுதித் தந்த தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. "வெள்ளைக்காரர் என்றால் துரை. எங்கள் தோட்டத்தில் துரை வந்தால் என் அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். மலை தொடங்கும் இடம் ம. ம என்ற எழுத்துக்குப் பக்கத்தில் துரையை நிறுத்தினால் மதுரை." இதைத் தட்டச்சு செய்து அனுப்பினேன், தலைவர் குழுவில் போட்டார். அன்றைக்குக் குழுவில் எத்தனை பாராட்டு வந்தது. எல்லாப் பாராட்டுக்கும் தலைவர் நன்றி சொன்னார்.

அவருக்கும் தலைவருக்கும் நேராக ஒரு முறைதான் உரசல் வந்தது. ஓய்வு பெற்றபோது மகள் வசந்தி நல்ல போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவரும் குழுவில் சேர்ந்துவிட்டார். தலைவர் தானே ஆக்கிய குறிப்பு ஒன்றை அனுப்பினார்: "அம்மாவில் பாதியும் இலையில் பாதியும் சேர்ந்தால் சாயும் பொழுது (2)." விடை மாலை. ஆறு பத்துக்கு இவர் விடையை அனுப்பிவிட்டுக் கீழே எழுதினார்: "இலையில் இரண்டு எழுத்து, பாதி லை. சரி. அம்மாவில் மூன்று எழுத்து. மூன்றில் பாதி எது? விடை பொருந்துகிறது. ஆனால் குறிப்பு நியாயமில்லை." தலைவர், "விளையாட்டில் இவ்வளவு கறார் கூடாது அம்மா" என்று எழுதினார். உங்களில் நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நான் எதுவும் போடவில்லை. அதை அன்று ஒரு துணிச்சலாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு புத்தகம் வந்தது. குறிப்புகளையும் விளக்கங்களையும் தொகுத்துப் போடப்போவதாகச் சொல்லித் தலைவர் என்னிடமிருந்த கோப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டார். என்னை அணிந்துரை எழுதச் சொன்னார். எழுதினேன். என் வாழ்நாளில் அச்சில் வந்த முதல் அணிந்துரை அது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க ஒரு படி வந்தது. அட்டையில் ஒரே பெயர். உள்ளே நன்றியுரையில் 'கொடைக்கானல் நண்பர்களுக்கு' என்று ஒரு வரி. மதுரைப் பக்கத்தைத் திருப்பினேன். துரை இருந்தார், மலை இருந்தது, தலைப்பாகையோடு அப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் அது யாருடையது என்று எவனும் கேட்பான். அதனால் எடுத்திருக்கிறார்கள். திருடுகிறவனுக்கு எதை விட்டுவிட்டுத் திருட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தொலைபேசியில் கேட்டேன். "அவங்க பேரு வரலையே?"

"சார், அவங்க சொன்னதை நான் எவ்வளவு செப்பனிட்டிருக்கேன் தெரியுமா? ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம். உங்க அணிந்துரை பிரமாதம் சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வெளியீட்டு விழா பழனியில் நடந்தது. அவரை அழைத்துப் போனதும் நான்தான். பட்டுச்சேலை கட்டி, வெள்ளனே வந்து பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். அட்டையைப் பற்றி நான் வழியில் எதுவும் சொல்லவில்லை. மண்டபத்தில் நுழைந்ததும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், நன்றியுரை, நடுவில் சில பக்கங்கள். வைத்துவிட்டு நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் மேடைக்குப் போனேன். எனக்குச் சால்வை போட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் ஒரு பேராசிரியர். புத்தகத்திலிருந்து ஒரு குறிப்பை வாசித்து, "ஆசிரியரே இதை விளக்கட்டும்" என்று தலைவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். குறிப்பு இது: "தமிழின் தனிச்சிறப்பைப் பனி சூழ்ந்தால் முருகன் இருப்பான் (3)."

தலைவர் எழுந்தார். "பழனிக்காரங்ககிட்ட வந்து பழனியைப் பத்தி நான் சொல்லணுமா? தமிழோட தனிச்சிறப்பு யாரு? முருகன்தான். அவரு நிக்கிற மலையைப் பனி சூழ்ந்திருக்கு. ஆகவே பழனி" என்றார். மண்டபம் கைதட்டியது.

நாலாவது வரிசையில் சிவபாக்கியம் அம்மா எழுந்தார். "ஐயா, அது அப்படி வராதுங்க. தமிழுக்குத் தனிச்சிறப்புன்னா ழ எழுத்து. பனிக்கு ரெண்டு எழுத்து, ப, னி. அது ரெண்டும் ழ எழுத்தச் சுத்தி நின்னா பழனி. மலையில பனி கெடந்தாலும் கெடக்காட்டியும் விடை அதுதாங்க."

தலைவர் சிரித்தார். "அம்மா ரொம்ப ஆர்வமா இருக்காங்க. புஸ்தகம் வாங்கிப் படிங்கம்மா, எல்லாம் உள்ள இருக்கு." மண்டபமும் சிரித்தது.

"உள்ள சரியா இருக்குங்க" என்றார் அவர். "நீங்கதான் பாக்கல."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து அவர் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். உட்காரும் முன் அவர் மேடையில் என்னைப் பார்த்தார். அந்த விளக்கத்தைத் தாளிலிருந்து தட்டச்சு செய்தவன் நான். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அவர் சொல்வதுதான் சரி, எழுதியதும் அவர்தான்.' நான் மடியில் கிடந்த சால்வையின் மடிப்பைச் சரிசெய்தேன். அந்த மண்டபத்தில் உங்களில் அறுபது எழுபது பேராவது இருந்தீர்கள். நீங்கள் என்ன சரிசெய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பேருந்து மலை ஏறத் தொடங்கியது. நாலைந்து வளைவு தாண்டியதும் நான், "பேரு போடாதது தப்புதாம்மா" என்று ஆரம்பித்தேன்.

"அது தப்புதான். கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "எங்கப்பாவ வேற எடுத்துப்புட்டாங்க. பாத்தேன்." ஜன்னலை இழுத்து மூடினார். "அது என் சங்கதி சார், விடுங்க. நீங்க தமிழ் வாத்தியாரு. ழ எழுத்து நடுவுல நிக்குது. ஒருத்தரு அத இல்லன்னுட்டு வேற கதைக்கிறாரு, ஊரே கை தட்டுது. உங்களுக்கு வாய் வரலியே. எனக்காகப் பேசாட்டி என்ன, அந்த எழுத்துக்காகவாச்சும் பேசியிருக்கலாம்ல."

பெருமாள்மலையில் பேருந்து நின்றது. அவருக்குக் கொடைக்கானல் வரை சீட்டு இருந்தது. "நான் இங்க எறங்கிக்கிறேன்" என்று இறங்கி, கடையோரம் நின்றுகொண்டார். அடுத்த பேருந்தில் தனியாகப் போயிருக்கிறார்.

அன்றோடு விளக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டார். தினமும் விடை மட்டும் வந்தது, ஆறு பத்துக்கு, ஒரே சொல். குழுவில் விளக்கங்கள் நின்றுபோனபோது தலைவர் 'வேலைப்பளு' என்று காரணம் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உண்மையில் அவர் மூன்று முறை சிவபாக்கியம் அம்மாவைக் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறார். வசந்தி சொன்னாள். "எல்லாம் புஸ்தகத்துல இருக்குமே, பாத்து எழுதிக்கோங்க" என்று இவர் வைத்துவிட்டாராம்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது இந்த வருட மழைக்கு முன்னால். பேத்துப்பாறையில் மகள் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, நடவுக்கு விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நெஞ்சு வலி இருக்கிறது, மாத்திரை ஓடுகிறது என்றார். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். நானும் நாலு பூண்டை எடுத்துப் பிரித்தேன். பிறகு, பழனியில் நான் பேசாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம்.

அவர் கை நிற்கவில்லை. "அன்னிக்கு நீங்க மேடையில இருந்தீங்க. நான் கீழ இருந்தேன். அத்தன பேரு பாக்க நடந்தது. இங்க நாம ரெண்டு பேருந்தான இருக்கோம் சார். இங்க கேட்டா அது எப்படி மன்னிப்பாகும்?"

"அப்ப என்ன செய்யணும்மா?"

"அதையும் நானே வெளக்கணுமா?"

மழை வரும்போல் இருந்ததால் வெரசாகக் கிளம்பச் சொன்னார். பேருந்து நிற்கும் இடம்வரை உடன் வந்தார். பேருந்திலும் அந்த முற்றத்திலுமாக, அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது இரண்டே நாள்தான். அதிலும் ஒரு சொல் கூட அதிகம் இல்லை. நான் ஊருக்குத் திரும்பினேன். செய்ய வேண்டியது தெரிந்தும் நல்ல தருணம் பார்த்துக் காத்திருந்தேன். ஐந்து மாதம் காத்திருந்தேன். அவர் அதற்குள் போய்விட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழனியில், அதே மண்டபத்தில் இரங்கல் கூட்டம். தலைவர் இரண்டாம் பதிப்பை அறிவித்தார். அம்மையாரின் நினைவுக்குச் சமர்ப்பணம் என்றார். பிறகு என்னைப் பேச அழைத்தார். நான் அந்தத் தாள்களைப் பையில் கொண்டு போயிருந்தேன். அவர் கையெழுத்தில் இருந்த ஒன்பது விளக்கங்களை வாசித்தேன். ஒவ்வொன்றும் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று சொன்னேன். மதுரையை வாசித்தபோது அப்பாவின் வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தேன். என் அணிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பத்தாவது தாளை எடுக்கும்போது ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். "சார் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று தலைவர் சொன்னது பின்வரிசை வரை கேட்டது. கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். ஒலிவாங்கி இல்லாமலே அதையும் வாசித்து முடித்தேன்.

வெளியே தலைவர் வசந்தியிடம், சமர்ப்பணப் பக்கத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அட்டையில போடுறதுன்னா போடுங்க. இல்லன்னா எங்கயும் போட வேணாம்" என்றாள் அவள். தாள்களை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "அம்மா இருக்கையில இத வாசிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள். அந்த அட்டையில் இந்தப் பெயர் வரும்வரை நான் தலைவருக்கும் பதிப்பகத்துக்கும் எழுதிக்கொண்டே இருப்பேன். நீங்களும் எழுதலாம். கூப்பிய கைகளை அனுப்ப எடுத்த நேரம்தான் அதற்கும் ஆகும்.

அன்று மண்டப வாசலில் நம் நண்பர்கள் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல இருந்த பாரத்த எறக்கி வச்சிட்டீங்க சார், அவங்க ஆத்மா சாந்தியடையும்" என்றார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். மன்னிக்க வேண்டியவர் ஒருவர்தான். அவர் மன்னிக்காமல் போனார், அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த மன்னிக்காமைதான். அதை என்னிடமிருந்து யாரும் வாங்கி எறிய வேண்டாம். நான் இருக்கும்வரை என்னிடமே இருக்கட்டும்.